தூங்குவதற்கு ஓர் இடம்



சில வாரங்களுக்கு முன் நம் வாலிபர் கூட்டத்தில், வேதபாடம் நடந்துகொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு தம்பி தூங்கிவிட்டான். தலை மெல்லச் சாய்ந்து பக்கத்திலிருந்தவன் தோளில் விழுந்தது. "ஐத்திகு, ஐத்திகு" என்று யாரோ கிசுகிசுக்க, வரிசை முழுவதும் சிரித்தது. அவனும் விழித்துக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தான்.

கூட்டம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது அவனைத் தனியே நிறுத்திக் கேட்டோம். "ராத்திரி எத்தனை மணிக்குப்பா படுத்தே?"

"பன்னண்டு மணிக்குப் படுத்தேன் அக்கா. ஒரு மணிக்குக் கரண்ட் வந்துச்சு. எழுந்து மோட்டார் போட்டேன். அம்மா சோறு வடிச்சாங்க, சட்டை எல்லாம் இஸ்திரி போட்டாங்க. டிரம் நிறைஞ்சப்புறம் படுத்தேன். அஞ்சரைக்குத் திரும்ப எழுந்துட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். யாங்கோனில் அது யாருக்கும் செய்தியே இல்லை. கரண்ட் வரும் நேரம்தான் வீட்டில் விடியும் நேரம். அது நள்ளிரவு ஒரு மணியானாலும் சரி.

அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தை அன்றிரவு திரும்ப எடுத்து வாசித்தோம். துரோவா பட்டணத்தில் மேல்வீட்டில் கூட்டம். பவுல் நடு இராத்திரி வரைக்கும் பேசுகிறார். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். பிரசங்கத்தில் தூங்குகிறவர்களுக்கு எச்சரிக்கையாகவே இந்தக் கதையை நாம் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த அறையில் அநேக விளக்குகள் எரிந்தன என்பதையும் லூக்கா எழுதிவைத்திருக்கிறார். லூக்கா வைத்தியர், அவர் கண்ணில் அது பட்டிருக்கிறது. செவிலியர் கண்ணோடு வாசித்தால், நெருக்கமான கூட்டம், விளக்குகளின் சூடு, புகை, பிந்திய நேரம், காற்றுக்காக ஜன்னலைத் தேடிப்போன ஒரு பையன் தெரிகிறான். பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொள்கிறார். அவனைக் கடிந்துகொண்டதாக ஒரு வார்த்தையும் அங்கே இல்லை. கடிந்துகொள்ளுதலைச் சேர்த்தவர்கள் நாம்தான்.

அந்தத் தம்பியின் வீட்டுக்குப் பிறகு ஒருநாள் போனோம். நகர நடுவில் நம்மில் பலர் வாழும் மாடிவீடு போன்றதுதான்: பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம், லிஃப்ட் கிடையாது, தெருப்பக்கம் பால்கனியிலிருந்து கிளிப் கட்டிய கயிறு தொங்குகிறது. முன்னால் ஹால், பின்னால் சமையலும் குளியலும், நடுவில் பலகைத் தடுப்பு வைத்த இரண்டு அறைகள். நடு அறைக்கு வெளிக்காற்று கிடையாது. அந்த அறையில்தான் அவன் தூங்குகிறான்.

அவன் பாய்க்கு இடப்பக்கம் இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரிகளும். தலைமாட்டில் மூன்று அரிசி மூட்டை, எண்ணெய் டின்கள், ஒரு பெட்டி சோப்பு. கால்மாட்டில் மூடியில்லாத தண்ணீர் டிரம். சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் துணி. பீரோவின் மேல் சூட்கேஸ்கள், அவற்றின் மேல் பழைய தையல் மிஷினின் தலை, அதற்கு மேல் கிறிஸ்துமஸ் மரம். மலேசியாவுக்குப் போன அண்ணனின் சாமான் இரண்டு அட்டைப்பெட்டியில். மூலையில் பாட்டியின் தகரப்பெட்டி. இவற்றுக்கு நடுவே ஒரு ஆள் நீட்டிப் படுக்க முடிந்த அளவு தரை.

ஹாலில் சோபா இருந்தது. கண்ணாடி ஷோகேஸில் யாரும் குடிக்காத கோப்பைகள் வரிசையாக இருந்தன. எங்களுக்கு உட்கார நிறைய இடம் இருந்தது.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு உங்கள் வீடு நினைவுக்கு வந்தால், எங்களுக்கும் எங்கள் வீடுதான் அன்று நினைவுக்கு வந்தது. ஆகையால் யாரையும் குற்றப்படுத்த எழுதவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் வருகிறவர்களுக்கு இருக்கும் இடம் தூங்குகிறவர்களுக்கு இல்லை. எந்தப் பொருளுக்கு இடமில்லையோ அது படுக்கிற இடத்துக்குப் போகிறது. அதிலும் வீட்டில் யார் எதிர்த்துப் பேசமாட்டார்களோ அவர்கள் படுக்கிற இடத்துக்கு. அது பெரும்பாலும் படிக்கிற பிள்ளை, அல்லது பாட்டி, அல்லது அம்மா.

வெளிநாட்டுப் புத்தகங்களும் வீடியோக்களும் இதைப் பற்றி நிறையப் பேசுகின்றன. வேண்டாததைத் தூக்கி எறியுங்கள், வெள்ளைச் சுவர் வையுங்கள், ஒரு செடி வையுங்கள் என்று. 2010இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வேலைக்குப் போகும் 60 கணவன் மனைவியர் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசியதைப் பதிவுசெய்து ஓர் ஆய்வு வெளியானது. வீடு அடைசலாகவும் முடியாத வேலையாகவும் இருப்பதாகப் பேசிய மனைவியருக்கு, உடலில் மாலைக்குள் நன்றாகக் குறைய வேண்டிய கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சரியாகக் குறையவில்லை. நாள் போகப்போக மனச்சோர்வும் கூடியது. இது நமக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறோம். ஆனால் அங்கே அடைசல் வருவது வாங்கிக் குவிப்பதால். இங்கே வருவது வேறு வழியாக.

நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1942இல் ஜப்பானியர் குண்டு போட்டபோது கையில் எடுத்ததை மட்டும் தூக்கிக்கொண்டு மலைவழியாக இந்தியாவுக்கு நடந்த குடும்பங்கள் நம்மில் உண்டு. பாதி வழியில் மூட்டைகளை வீசியவர்கள் உண்டு. மனிதர்களையே புதைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. 1964இல் கடைகள் அரசுடைமையானபோது, கடைச்சாவியைக் கொடுத்துவிட்டு ஏறக்குறைய வெறுங்கையோடு கப்பல் ஏறினவர்கள் உண்டு. போகாமல் தங்கினவர்களின் பிள்ளைகள்தான் நாம். அதே 1964இலும், பிறகு 1985இலும், 1987இலும் கையிலிருந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. பணம் ஒரே நாளில் காகிதமாவதைப் பார்த்த வீட்டில் சேமிப்பு என்பது பித்தளைப் பாத்திரம், துணிமூட்டை, அரிசி, எண்ணெய். எதையும் எறியாதே, என்றாவது உதவும் என்று பாட்டி சொல்வது பழக்கதோஷம் அல்ல. அவர்கள் கண்ட அனுபவம்.

இப்போது அதன் மேல் நம் காலத்துச் சாமான்களும் சேர்ந்துவிட்டன. கரண்ட் இல்லாததால் பேட்டரி, சார்ஜ் விளக்கு, சார்ஜ் ஃபேன். மோட்டார் ஓடாததால் தண்ணீர் டிரம். விலை ஏறுவதால் மூன்று மாத அரிசி. பிள்ளைகள் வெளிநாடு போவதால் அவர்கள் விட்டுச்சென்ற பெட்டிகள். வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கு எடுத்துவைத்தவர்களுக்கு அது புழுத்துப்போனதைச் சொல்லி, சேர்த்துவைக்காதீர்கள் என்று பிரசங்கிக்க எங்களுக்குத் தைரியமில்லை. இன்றைக்கு அரிசி என்ன விலை என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

வையுங்கள். ஆனால் எங்கே வைக்கிறோம் என்று கேட்கலாம். இதில் உடம்புக்கு வரும் ஆபத்து, தூக்கம் கெடுவதோடு நிற்பதில்லை.

முதலில் அந்த டிரம். டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நாம் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் பிடித்துவைக்கும் சுத்தமான தண்ணீரில் இடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பிறந்த கொசு எங்கே போய் உட்காரும்? இருட்டான இடத்தில்: கட்டிலுக்கு அடியில், ஆணியில் தொங்கும் துணிகளின் மறைவில். கால்மாட்டில் மூடாத டிரம், சுவரில் தொங்கும் துணிக் குவியல் என்றால், கொசுவுக்குப் பிரசவ அறையும் படுக்கையறையும் ஒரே இடத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். மழைக்காலத்தில் குழந்தைகள் வார்டு நிரம்பும்போது, படுக்கைக்கு இரண்டு பிள்ளைகள் என்று கிடக்கும்போது, அந்தப் பிள்ளைகள் வந்த வீடுகளை நாங்கள் மனதில் பார்க்கிறோம். டிரம்முக்கு இறுக்கமான மூடி வேண்டும். வாரம் ஒருமுறை காலிசெய்து உட்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரோடு ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. இன்னொன்று, டெங்கு கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கிறது. இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர்களும், மத்தியானம் தூங்கும் கைக்குழந்தைகளும் பகலிலும் வலைக்குள்தான் படுக்க வேண்டும்.

இரண்டாவது காற்று. காசநோய் அதிகமுள்ள நாடுகள் என்று உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் முப்பது நாடுகளின் பட்டியலில் மியன்மாரும் இருக்கிறது. காசநோய்க் கிருமி காற்றில் மிதக்கும். அடைத்த அறையில் மணிக்கணக்காகத் தங்கும். காற்றோட்டமும் வெயிலும் அதற்கு எதிரிகள். ஆனால் நம் வீடுகளில் நாலு பேர் ஒன்றாகப் படுக்கும் அறையின் ஜன்னலை அடைத்துத்தான் பீரோ நிற்கிறது. திருடனுக்குப் பயந்து, மழைச்சாரலுக்குப் பயந்து, எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார் என்று பயந்து ஜன்னலை மூடினோம். பிறகு மூடிய ஜன்னல்தானே என்று அதன் முன்னால் சாமான் வைத்தோம். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் செவிலியர் பணியைப் பற்றி எழுதிய சிறு புத்தகத்தில் முதல் அதிகாரமே காற்றைப் பற்றியதுதான். சத்தத்துக்கு ஓர் அதிகாரம், படுக்கைக்கு ஓர் அதிகாரம், வெளிச்சத்துக்கு ஓர் அதிகாரம், அறையின் சுத்தத்துக்கு ஓர் அதிகாரம் என்று எழுதினார். மருந்தைப் பற்றி அதிகாரம் இல்லை. செவிலியர் படிப்பில் சேர்ந்த புதிதில் இது எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவுதானா, இது எங்கள் அம்மாவுக்கே தெரியுமே என்று நினைத்தோம். வார்டில் பத்து வருடம் போன பிறகு வேறுமாதிரி தோன்றுகிறது.

மூன்றாவது, தலைக்கு மேலே இருக்கும் தையல் மிஷின். 2025 மார்ச் 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் சகாயிங்கையும் மண்டலேயையும் 7.7 அளவில் பூமி உலுக்கியதை நாம் மறக்கப்போவதில்லை. யாங்கோனிலும் விளக்குகள் ஆடின; படியிறங்கி ஓடினோம். அங்கே சனங்கள் நாள்கணக்கில் தெருவில் படுத்தார்கள். அந்தப் பிளவுக்கோடு நமக்கு வெகுதூரத்தில் இல்லை. பெகு பக்கமாகவே போகிறது. 1930 மே 5ஆம் தேதி இரவு பெகுவை அழித்த நிலநடுக்கத்தில் ரங்கூனிலும் உயிர்கள் போயின. இன்னொன்று எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பீரோவின் மேலிருக்கும் இரும்பை இன்று சாயங்காலமே கீழே இறக்கிவிடலாம். இதற்குக் காசு செலவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்வோம் என்றால், தம்பிகளே, இதைச் செய்யுங்கள். கத்தரிக்கோல், இஸ்திரிப்பெட்டி, கண்ணாடி போட்ட குடும்பப் படம் எதுவும் தூங்குகிற தலைக்கு மேலே வேண்டாம்.

பேட்டரியும் அப்படித்தான். சார்ஜ் ஏறும் பேட்டரி சூடாகும். சில வகை பேட்டரி வாயுவும் விடும். அது ஹாலில், காற்றுள்ள இடத்தில் இருக்கட்டும். சோபாவின் பக்கத்தில் பேட்டரியா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அம்மா கேட்பார்கள். பார்க்கிறவர்கள் வீட்டிலும் பேட்டரி இருக்கிறது. ஜெனரேட்டரை வீட்டுக்குள், பால்கனியில், ஜன்னலுக்குக் கீழே ஓட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவன் விழிக்காமலே போய்விடுவான். கரியடுப்பும் அப்படியே.

இனி தூக்கத்துக்கு வருவோம். 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரமும், பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவதும் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. இருட்டினால் மெலட்டோனின் சுரந்து தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. வெளிச்சம் பட்டால் அது குறைந்துவிடுகிறது. பதின்வயதில் இந்தக் கடிகாரம் இயற்கையாகவே கொஞ்சம் பிந்தி ஓடும். பையன் பத்து மணிக்குத் தூங்காததும் ஆறு மணிக்கு எழாததும் முழுவதும் திமிர் அல்ல என்பதைப் பெற்றோருக்கும் சொல்லிக்கொள்கிறோம்.

கரண்ட் இல்லாத ஊரில் இருட்டுக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். பஞ்சம்தான். ஒரு மணிக்குக் கரண்ட் வரும்போது வீட்டின் எல்லா விளக்கும் ஒரேயடியாக எரிகின்றன. போகும்போது அணைக்க மறந்த சுவிட்சுகள் அவை. படுக்கப் போகுமுன் படுக்கிற இடத்தின் சுவிட்சை அணைத்துவிட்டால், மோட்டார் போடுகிற ஒருவர் மட்டும் எழுந்தால் போதும். அந்த ஒருவரும் தினமும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் நாலு பேர் என்றால் முறை வைத்துக்கொள்ளலாம்; மருத்துவமனையில் நாங்கள் நைட் டியூட்டிக்கு முறை வைத்துக்கொள்வதுபோல. இதில் அப்பாக்களும் சேர வேண்டும் என்று மரியாதையோடு கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது கைபேசி. அதைப் பற்றி எழுதாமல் வாலிபர் பத்திரிகையில் கட்டுரை முடியுமா! இருட்டு வீட்டில் எரிகிற ஒரே விளக்கு அதுதான். பாடமும் அதில்தான், பாட்டும் அதில்தான். துபாயில் வேலைசெய்யும் அண்ணன் இரவு 9 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே 11:30. அந்த அழைப்பை எடுக்காதே என்று யார் சொல்வது? அப்படிச் சொல்ல மாட்டோம். பேசிவிட்டு, கைபேசியைக் கை எட்டாத இடத்தில், சார்ஜ் போடுவதானாலும் பாயிலோ தலையணையின் கீழோ அல்லாமல் வெறுந்தரையில் வையுங்கள் என்று மட்டும் சொல்கிறோம். தலையணைக்கடியில் சூடேறும் கைபேசி தீப்பிடிக்கலாம்.

ஜட்சன் ஐயரின் தலையணைக் கதை உங்களுக்குத் தெரியும். 1824இல் ஆவாவில் அவரைச் சிறையில் போட்டபோது, பர்மிய மொழியில் அவர் பெயர்த்திருந்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். காவலர் யாரும் ஆசைப்படாதபடி அது கரடுமுரடாக, கடினமாக இருந்தது. அதில்தான் அவர் தலைவைத்துப் படுத்தார். பின்னால் கைதிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனபோது அதைப் பிரித்து எறிந்துவிட்டார்கள். மவுங் இங் என்ற விசுவாசி ஞாபகத்துக்காக அந்தப் பஞ்சுச் சுருளை எடுத்துவைக்க, பல மாதங்கள் கழித்து உள்ளே பிரதி பத்திரமாக இருந்தது தெரிந்தது. இந்த நாட்டில் தலையணைக்குள் வைத்துத் தூங்குவதற்கு அவருக்கு அப்படி ஒரு காரணம் இருந்தது. நமக்கு இருப்பது முந்நூறு படிக்காத செய்திகள்.

அந்த முந்நூறில் நம் வாலிபர் ஐக்கியத்தின் வைபர் குழுவும் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்வோம். இரவு பதினொன்றரைக்கு ஞாயிறு பாட்டுப் பட்டியல் வருகிறது, பன்னிரண்டுக்கு வாக்குத்தத்த வசனம் வருகிறது, அதற்கு இருபது பேர் கைகூப்பிப் பதில் போடுகிறார்கள். இரவு 9 மணிக்கு மேல் குழுவில் ஒன்றும் போடுவதில்லை என்று கமிட்டி தீர்மானிக்கட்டும். அவசர ஜெப விண்ணப்பம் இருந்தால் போதகருக்குத் தொலைபேசியில் சொல்லலாம்.

இங்கே சபையிலும் ஒன்று கேட்க வேண்டும். நீதிமொழிகளில் வரும் சோம்பேறியை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! 127ஆம் சங்கீதத்தை வைத்து, நித்திரை ஆண்டவர் தருகிற ஈவு என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்? முழு இரவு ஜெபத்துக்கு நாங்கள் விரோதிகள் அல்ல. இயேசுவே இரவெல்லாம் ஜெபித்தவர். ஆனால் நாலு மணி நேரம் தூங்கும் பிள்ளைகளைச் சனிக்கிழமை இரவும் விழிக்கவைத்துவிட்டு ஞாயிறு ஆராதனையில் அவர்கள் கண் சொக்குவதைக் குற்றமாகப் பார்ப்பது நியாயமில்லை. ஓடிக் களைத்த எலியாவை, சூரைச்செடியின் கீழ் தேவதூதன் எழுப்பிச் சாப்பிடவைத்து மறுபடியும் தூங்க விட்டான். பிறகுதான் பயணத்தைப் பற்றிப் பேச்சு.

இரவில் படியில் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காரும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அதற்கு அறையை ஒழுங்குசெய்வது மருந்தல்ல என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதத் தேவையில்லை. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள், தூக்கமில்லாமல் வாரக்கணக்காகத் தவித்தால், வெட்கப்படாமல் எங்களிடம் வந்து பேசுங்கள். தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

படுக்கையறை எப்படி இருக்க வேண்டும் என்று வேதத்தில் ஒரு படம் இருக்கிறது. 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில், சூனேம் ஊர் அம்மாள் எலிசாவுக்காக மெத்தையில் ஒரு சின்ன அறை கட்டுகிறாள். அவள் வசதியான வீட்டுக்காரி. எதை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு, நான்கு பொருள்தான் வைக்கிறாள். அவளுடைய ஒரே மகன் மடியில் கிடந்து இறந்தபோது, அவனைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த அறையில், அந்தக் கட்டிலில்தான் கிடத்துகிறாள். வீட்டில் வேறு இடம் இல்லாமலா?

நம்மிடம் தனி அறை கட்ட இடமில்லை. ஒரு பாயைச் சுற்றி ஒரு முழம் இடமாவது வெறுமையாக இருக்கலாம். ஏப்ரலில் 37, 38 டிகிரி வெயிலில் ஃபேனும் ஓடாத இரவில், அந்த ஒரு முழத்தில்தான் காற்று வரும். படுக்குமுன் குளித்தால் உடம்பு சூடு இறங்கித் தூக்கம் சீக்கிரம் வரும். கொசுவர்த்திச் சுருளை அறைக்குள் கொளுத்தாமல் வலை கட்டுங்கள். டீக்கடையில் கெட்டி டீ சாயங்காலம் நாலு மணியோடு நிற்கட்டும். இதெல்லாம் சிறிய காரியங்கள். சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

அந்தத் தம்பியின் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை வாலிபர்கள் ஆறு பேர் சேர்ந்து போனோம். அவன் அம்மாவிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டோம். எதையும் எறியமாட்டோம், இடம் மட்டும் மாற்றுவோம் என்று சொன்ன பிறகே சம்மதித்தார்கள். ஷோகேஸின் கோப்பைகள் சோபாவுக்கடியில் போயின. அதன் கீழ்த்தட்டுகளில் எண்ணெய் டின்னும் சோப்பும் அடுக்கினோம். அரிசி மூட்டைகள் ஹாலின் மூலைக்கு வந்தன. மேலே ஒரு பலகையும் விரிப்பும் போட்டதில் இரண்டு பேர் உட்காரலாம். பேட்டரி வாசல் பக்கம் வந்தது. டிரம் பின்கட்டுக்குப் போய் மூடி வாங்கிக்கொண்டது. தையல் மிஷின் தரைக்கு இறங்கியது. துணிகளை மடித்து அண்ணனின் சூட்கேஸில் வைத்தோம். பலகைத் தடுப்பின் மேல்பகுதியில் இரண்டு பலகையைக் கழற்றி, அந்த இடத்தில் கொசுவலைத் துணி அடித்தோம்; முன்பக்கக் காற்று நடு அறைக்குள் வந்தது. பாட்டி ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தகரப்பெட்டியைத் தூக்கப் போனபோதுதான் பேசினார்கள். "அதை மட்டும் அங்கேயே விடுங்கம்மா. அது எங்க அப்பா மெட்ராஸிலிருந்து கப்பல்ல கொண்டுவந்தது. நான் செத்தப்புறம் எடுங்க."

எடுக்கவில்லை. மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தி, பாயின் கால்மாட்டுப் பக்கமாகச் சுவரோரம் போட்டோம். துடைத்து மேலே ஒரு துணி விரித்தோம். இப்போது அதன் மேல் சார்ஜ் விளக்கும் வேதாகமமும் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தையும் அதன் மேல் வைத்துத்தான் எழுதுகிறானாம். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது, வாரத்தில் மூன்று நாள் மோட்டார் அப்பா போடுகிறார் என்றான். நாற்காலிக்குத்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை.